இன்ஜினியரிங் கவுன்சலிங்: விண்ணப்பம் முதல் சீட் உறுதியாகும்வரை

அருப்புக்கோட்டையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் ரயில் டிக்கெட், பான் கார்டு எல்லாம் ஓரமாகப் போய்விடும். ஆகஸ்ட் வரைக்கும் கடையில் ஓடுவது இன்ஜினியரிங் விண்ணப்பம்தான். பிள்ளையும் அப்பாவும் சேர்ந்து வருவார்கள். தறிக்குப் போகிற அப்பா அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருப்பார். ஸ்டூலில் உட்கார்ந்ததும் முதல் பேச்சே, "நீங்களே பார்த்து நல்ல காலேஜாப் போட்டு விடுங்கம்மா" என்பதுதான்.

விண்ணப்பத்தை நான் நிரப்புவேன். சான்றிதழை ஸ்கேன் செய்து ஏற்றுவேன், பணம் கட்டித் தருவேன். காலேஜ் பட்டியலை மட்டும் நான் போட்டுத் தர மாட்டேன். அதை வீட்டில் உட்கார்ந்து நீங்கள்தான் எழுதிக்கொண்டு வர வேண்டும். எப்படி எழுதுவது, அதற்கு முன்னும் பின்னும் என்னென்ன வேலை இருக்கிறது என்று கடையில் வாயால் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இது என்ன ஏற்பாடு என்று பார்த்துவிடுவோம். தமிழ்நாட்டில் பி.இ., பி.டெக். சேர்க்கைக்கு மாநில அரசின் நுழைவுத் தேர்வு இப்போது கிடையாது. எண்பதுகளின் நடுவில் ஆரம்பித்து நடந்துகொண்டிருந்தது. அதை நீக்கும் சட்டம் 2007-ல் நடைமுறைக்கு வந்தது. "எங்க காலத்துல கட்-ஆஃப் 300-க்கு" என்று சித்தப்பா சொன்னால் அவர் மறந்துபோய்ச் சொல்லவில்லை. ரேங்க் போடக் கூட்டும் மதிப்பெண்தான் கட்-ஆஃப்; அப்போது நுழைவுத் தேர்வின் 100 அதில் சேர்ந்திருந்தது. பக்கத்துக் கர்நாடகத்தில் இன்னும் தேர்வு உண்டு. அங்கே மாநிலத் தேர்வு ஆணையம் நடத்தும் சி.இ.டி.யில் பாதி, பி.யு.சி. (அங்கத்திய பிளஸ் டூ) மதிப்பெண்ணில் பாதி எடுத்து இன்ஜினியரிங் ரேங்க் போடுகிறார்கள். நமக்குப் பரீட்சை பிளஸ் டூவோடு முடிந்துவிடுகிறது. அப்புறம் சான்றிதழும் வரிசையும்தான்.

ரேங்க் வரிசைப்படி கல்லூரி இடம் ஒதுக்கும் இந்தக் கலந்தாய்வை, அதாவது கவுன்சலிங்கை, முன்பு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தியது. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. டி.என்.இ.ஏ. என்று சொல்வது இதைத்தான். 2018-க்கு முன்னால் இங்கிருந்து ராத்திரி பஸ் ஏறி, கிண்டியில் இறங்கி, பெரிய திரையில் காலி இடங்கள் குறைந்துகொண்டே வருவதைப் பார்த்தபடி அங்கேயே முடிவெடுக்க வேண்டும். 2018-ல் எல்லாம் ஆன்லைனுக்கு வந்தது. யோசிக்க நேரம் கிடைத்திருக்கிறது. ஆனால் பெரும்பாலோர் அந்த நேரத்தை யோசிக்கச் செலவழிப்பதில்லை.

அண்ணா பல்கலைக்கழகத் துறைகள், அரசுக் கல்லூரிகள், அரசு உதவி பெறும் கல்லூரிகள், தனியார் சுயநிதிக் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் எல்லாம் இந்த ஒரே கலந்தாய்வில் வரும். சுயநிதிக் கல்லூரி தன் இடங்களில் 65 சதவீதத்தை அரசுக்குக் கொடுக்க வேண்டும். சிறுபான்மையினர் கல்லூரி என்றால் 50 சதவீதம். வி.ஐ.டி., எஸ்.ஆர்.எம். போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இதில் இல்லை. அவர்களுக்குத் தனி விண்ணப்பம், தனித் தேர்வு.

கட்-ஆஃப் கணக்கு எளிது. கணக்குப் பாட மதிப்பெண் அப்படியே 100-க்கு. இயற்பியலிலும் வேதியியலிலும் பாதிப் பாதி. கணக்கு 95, இயற்பியல் 92, வேதியியல் 92 என்றால் 95 + 46 + 46 = 187. தமிழ், ஆங்கிலம், கம்ப்யூட்டர் சயின்ஸ் எதுவும் இந்தக் கூட்டலில் வராது. மொத்தம் 560 எடுத்த பெண்ணுக்கு ஏன் 540 எடுத்தவளைவிட ரேங்க் பின்னால் போனது என்று கேட்டு வரும் அம்மாக்களுக்கு இதைத்தான் காகிதத்தில் போட்டுக் காட்டுவேன்.

பதிவு: உங்கள் எண், உங்கள் கை

விண்ணப்பப் பதிவு ரிசல்ட் வருவதையொட்டி மே முதல் வாரத்திலேயே திறந்துவிடுகிறது. ரிசல்ட் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்களுக்குப் பதிவெண்ணை வைத்து மதிப்பெண் தானாக வந்து சேரும். கட்டணம் 500 ரூபாய், எஸ்.சி., எஸ்.சி. அருந்ததியர், எஸ்.டி. பிரிவினருக்கு 250. யு.பி.ஐ.யிலேயே கட்டலாம்.

பதிவில் கொடுக்கிற மொபைல் எண்ணையும் மின்னஞ்சலையும் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். அந்த எண் பிள்ளையின் எண்ணாகவோ, வீட்டில் எப்போதும் இருக்கிற ஒருவரின் எண்ணாகவோ இருக்க வேண்டும். ஓ.டி.பி.யும் முக்கியமான குறுஞ்செய்தியும் அந்த எண்ணுக்குத்தான் வரும். வெளியூரில் வேலை பார்க்கும் அப்பாவின் எண்ணைக் கொடுத்துவிட்டு, கடைசி நாளில் அவர் போனை எடுக்காமல் போனால் இங்கே உட்கார்ந்து அழத்தான் முடியும். என் கடை எண்ணையும் கொடுக்க விட மாட்டேன். எனக்கே பத்து பேருடைய ஓ.டி.பி. வந்துகொண்டிருந்தால் யாருடையது எது என்று யாருக்குத் தெரியும்?

இதைவிட மோசமானது தரகரின் எண். ஒரு பையன் சாய்ஸ் ஃபில்லிங் செய்ய, அதாவது ஆன்லைனில் கல்லூரிப் பட்டியல் போட, வந்தான். பாஸ்வேர்டு தெரியவில்லை, மாற்றலாம் என்றால் ஓ.டி.பி. வேறு யாருக்கோ போகிறது. விசாரித்தால், "அட்மிஷன் வாங்கித் தருகிறோம்" என்று வீட்டுக்கு வந்த ஒருவர் இலவசமாகப் பதிவு செய்து கொடுத்திருக்கிறார். பட்டியலில் ஒரே கல்லூரியின் பெயர்தான் இருந்தது, எல்லாப் பிரிவுகளோடும். சேவை மையத்துக்கு அலைந்து எண்ணை மாற்றிய பிறகுதான் அவன் பட்டியல் அவன் கைக்கு வந்தது. இலவசமாகப் பதிவு செய்து தருகிறேன் என்று வருகிற முன்பின் தெரியாத ஆளிடம் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலைக்கூடக் காட்டாதீர்கள்.

வீட்டில் நெட் இல்லை, பக்கத்தில் பிரவுசிங் சென்டர் இல்லை என்றால் டி.எஃப்.சி. என்று சொல்லும் டி.என்.இ.ஏ. சேவை மையத்துக்குப் போகலாம். எல்லா மாவட்டத்திலும் இருக்கிறது, பெரும்பாலும் ஏதாவது ஒரு கல்லூரிக்குள். அங்கே உதவி இலவசம். என் வியாபாரத்துக்கு இதைச் சொல்வது நல்லதில்லைதான்.

சான்றிதழ்: ஏப்ரலிலேயே தாலுகா ஆபீஸ்

பரீட்சை முடிந்த மறுவாரம் செய்ய வேண்டிய வேலை இது. ரிசல்ட் வந்த பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் இ-சேவையில் விண்ணப்பிப்பார்கள்; கையெழுத்துப் போட வேண்டியவர் ஒரே ஆள்.

சாதிச் சான்றிதழ் டிஜிட்டலாக, கியூ.ஆர். கோடோடு இருப்பது நல்லது. பழைய அட்டைச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் அதைக் காட்டி இ-சான்றிதழ் வாங்கிவிடுங்கள். பி.சி., எம்.பி.சி.க்குத் துணைத் தாசில்தாரும், எஸ்.சி.க்குத் தாசில்தாரும், எஸ்.டி.க்குக் கோட்டாட்சியரும் கொடுக்கிறார்கள். அதனால் எஸ்.டி. பிள்ளைகளுக்கு நாள் அதிகம் பிடிக்கும், முன்னாலேயே ஆரம்பியுங்கள். சான்றிதழ் ஏற்றாவிட்டால் உங்களை ஓ.சி. என்கிற பொதுப் பிரிவுப் பட்டியலில் வைத்துவிடுவார்கள். நீங்கள் எந்தச் சாதி என்று பள்ளி மாற்றுச் சான்றிதழில் இருப்பது இதற்குப் போதாது.

இன்னும் சில நுணுக்கங்கள். அருந்ததியர் என்றால் சான்றிதழில் அது தெளிவாக இருக்க வேண்டும், எஸ்.சி.யின் 18 சதவீதத்துக்குள் 3 சதவீதம் அவர்களுக்குத் தனியாக உண்டு. முஸ்லிம் பிள்ளைகளுக்குப் பி.சி.எம். 3.5 சதவீதம். எஸ்.சி. சமூகத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறிய குடும்பம் என்றால் தமிழ்நாட்டில் பி.சி.யாகத்தான் வரும், பள்ளியில் ஒன்று, சான்றிதழில் ஒன்று என்று இருந்தால் இப்போதே பேசி முடித்துவிடுங்கள்.

முதல் பட்டதாரி சான்றிதழ் அடுத்தது. அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, உடன்பிறந்தவர் யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் இந்தச் சலுகை. அக்கா ஏற்கனவே வாங்கியிருந்தால் தம்பிக்கு இல்லை. இதோடு பிள்ளையும் பெற்றோரும் கையெழுத்திட்ட உறுதிமொழிப் படிவம் ஒன்றும் வேண்டும்; முதல் பட்டதாரி சான்றிதழை ஏற்றிவிட்டு அதை மறந்துவிடுகிறவர்கள் நிறைய. கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் கல்விக் கட்டணத்தில் இந்தச் சலுகை கிடைக்கும். மேனேஜ்மெண்ட் கோட்டாவில் கிடையாது.

இருப்பிடச் சான்றிதழுக்கு எல்லோரும் ஓட வேண்டாம். எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்திருந்தால் தேவையில்லை. நடுவில் கேரளத்திலோ குஜராத்திலோ படித்தவர்களுக்குத்தான் வேண்டும்.

அப்புறம் இனிஷியல். பத்தாவது சான்றிதழில் "முத்துலட்சுமி ஆர்", சாதிச் சான்றிதழில் "ஆர். முத்துலெட்சுமி", ஆதாரில் அப்பா பெயரும் சேர்ந்து ஒரே சொல்லாக இருக்கும். இனிஷியல் முன்பின் இருப்பது பெரிய விஷயமில்லை. எழுத்தே மாறியிருந்தால் இ-சேவையில் புதிதாக விண்ணப்பிக்கும்போது பத்தாவது சான்றிதழைப் பார்த்து அதே எழுத்தில் போடச் சொல்லுங்கள். சான்றிதழை போனில் சாய்வாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, அதை ஏற்றச் சொல்லாதீர்கள். சரிபார்ப்பது ஆன்லைனில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர். அவருக்கு எழுத்து தெரிய வேண்டும்.

7.5 சதவீதம் யாருக்கு

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியலில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. இதில் சீட் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாம் அரசே ஏற்கும். தனியார் சுயநிதிக் கல்லூரியில் கிடைத்தாலும் அப்படித்தான். நாலு வருடப் படிப்பை வீட்டிலிருந்து பணம் எடுக்காமல் முடிக்கலாம் என்பது பலருக்கு நம்பவே முடியாத சேதி.

இங்கே வரும் பெரிய குழப்பம் அரசு உதவி பெறும் பள்ளி. அது அரசுப் பள்ளிக் கணக்கில் வராது. ஆசிரியருக்கு அரசுதான் சம்பளம் கொடுக்கிறது என்று வாதாடிப் பயனில்லை. ஆனால் மாநகராட்சி, நகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் இருக்கும் கள்ளர் சீரமைப்புப் பள்ளி எல்லாம் வரும். கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களும் வருவார்கள். ஏழாவது மட்டும் கான்வென்டில் படித்தேன் என்றால் கிடையாது. ஒவ்வொரு பள்ளியிலும் படித்ததற்குத் தலைமையாசிரியர் கையெழுத்திட்ட சான்று வேண்டும். ஊர் மாறிப் படித்தவர்கள் பள்ளி கோடை விடுமுறைக்கு மூடுவதற்குள் பழைய பள்ளிக்குப் போய்விட்டு வாருங்கள்.

ரேங்க் வந்த பிறகு

ஜூனில் ஒவ்வொருவருக்கும் ஒரு ரேண்டம் எண் கொடுப்பார்கள். அதைப் பார்த்ததும் "எனக்குக் குறைவான எண் வந்துவிட்டது, சீட் போச்சு" என்று பதறி வருகிறவர்கள் உண்டு. பதறத் தேவையில்லை. கட்-ஆஃப் ஒன்றாக இருந்தால் முதலில் கணக்கு, பிறகு இயற்பியல் என்று பார்த்து, மற்ற மதிப்பெண்களும் ஒன்றாகி, பிறந்த தேதியும் ஒன்றானால்தான் கடைசியாக ரேண்டம் எண். அங்கே எண் பெரிதாக இருப்பவர் முன்னால் வருவார். அவ்வளவுதான் அதன் வேலை.

தரவரிசைப் பட்டியல் வரும் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2024-ல் ஜூலை 10. 2025-ல் ஜூன் 27. போன வருடத் தேதியை மனதில் வைத்துக்கொண்டு திருப்பதி போய்விடாதீர்கள். பட்டியல் வந்ததும் பொது ரேங்க், சாதிவாரி ரேங்க், அரசுப் பள்ளி என்றால் 7.5 ரேங்க் மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெயர் இல்லை, பிரிவு தப்பு என்றால் குறை சொல்லச் சில நாள் அவகாசம் தருவார்கள். அந்த நாட்களுக்குள் சேவை மையத்தில் சொன்னால்தான் சரியாகும்.

போன வருடத்தோடு ஒப்பிடும்போது கட்-ஆஃபை வைத்து ஒப்பிடாதீர்கள், ரேங்கை வைத்து ஒப்பிடுங்கள். 2024 தரவரிசையில் 200-க்கு 200 எடுத்தவர்கள் 65 பேர். 2025-ல் 144 பேர். மதிப்பெண் மொத்தமாக ஏறும் ஆண்டில் "போன வருஷம் 187-க்கு அந்தக் காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைச்சுதே" என்பது உதவாது. 187 எடுத்தவரின் ரேங்க் போன வருடம் என்ன, உங்களுடையது இப்போது என்ன என்று பாருங்கள். கல்லூரிவாரியாக, பிரிவுவாரியாக, சாதிவாரியாகப் பழைய விவரங்கள் கலந்தாய்வு இணையதளத்திலேயே கிடைக்கும். யூடியூபில் யாரோ சொல்லும் "எக்ஸ்பெக்டட் கட்-ஆஃப்" பார்ப்பதற்குப் பதில் அதை இறக்கிக்கொள்ளுங்கள்.

சாய்ஸ் ஃபில்லிங்

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய வேலை, இதைத்தான் எல்லோரும் அவசரமாகச் செய்கிறார்கள். கலந்தாய்வு ரேங்க் அடிப்படையில் சுற்றுகளாக நடக்கும். உங்கள் சுற்று வரும்போது பட்டியல் போட மூன்று நாள் போலத் தருவார்கள். நேரம் முடிந்தால் பட்டியல் பூட்டிக்கொள்ளும்.

கணினி சீட் எப்படிக் கொடுக்கிறது என்று புரிந்தால் பாதி பயம் போய்விடும். முதல் ரேங்க் எடுத்தவரின் பட்டியலை மேலிருந்து பார்த்து, முதலில் எது காலியோ அதைக் கொடுக்கும். அடுத்து இரண்டாம் ரேங்க். இப்படியே உங்கள் முறை வரும். உங்கள் பட்டியலையும் முதல் வரியிலிருந்துதான் பார்க்கும். அந்த இடம் ஓ.சி. பிரிவில் காலியா? இல்லையென்றால் உங்கள் சாதிப் பிரிவில் காலியா? இரண்டும் இல்லையென்றால் அடுத்த வரி. உங்களுக்குப் பின்னால் இருப்பவர் ஒரு கல்லூரியை முதல் வரியில் எழுதி, நீங்கள் அதையே நாற்பதாவது வரியில் எழுதியிருந்தாலும், அந்த நாற்பதாவது வரிக்கு நீங்கள் வரும்போது இடம் உங்களுக்குத்தான். அவர் முதலில் எழுதியதால் அவருக்கு முன்னுரிமை வராது.

அதனால் என்ன ஆகிறது? கிடைக்காது என்று தெரிந்தாலும் பிடித்ததை மேலே எழுதுவதில் ஒரு பைசா நஷ்டமில்லை. கிடைக்காவிட்டால் அடுத்த வரிக்குப் போகும். ஆனால் "இது நமக்கு எங்கே கிடைக்கப்போகுது" என்று பயந்து, சுலபமாகக் கிடைப்பதை முதலில் எழுதினால், அது கிடைத்த அந்த நொடியே கணினி நின்றுவிடும். கீழே எழுதிய நல்ல கல்லூரியில் இடம் காலியாக இருந்தாலும் உங்களுக்கு வராது. கடையில் நான் திருத்தச் சொல்லும் பட்டியல்களில் பெரும்பாலும் இந்தச் சிக்கல்தான். 187 எடுத்த பெண், முதல் வரியில் வீட்டுக்கு எட்டு கிலோமீட்டரில் இருக்கும் கல்லூரி, பதினாறாவது வரியில் காரைக்குடி அழகப்பா செட்டியார் அரசுக் கல்லூரி. "எது பிடிக்கும்?" என்றால் காரைக்குடி என்கிறாள். "அப்போ ஏன் கீழே?" என்றால், "கிடைக்குமான்னு தெரியலக்கா." தெரியாததால்தான் மேலே எழுத வேண்டும்.

எத்தனை எழுதலாம் என்பதற்கு உச்சவரம்பு கிடையாது. சும்மா இருநூறு எழுதுவதில் அர்த்தமில்லை, பத்தோடு நிறுத்துவதும் ஆபத்து. போன வருடம் உங்கள் ரேங்கைவிட நன்றாகவே பின்தங்கிய ரேங்குக்கும் கிடைத்த இடங்கள் சிலவாவது கடைசியில் இருக்கும்படி எழுதிக்கொண்டே போங்கள். ஒரே ஒரு விதி: கிடைத்தால் சேர மாட்டேன் என்கிற இடத்தை எழுதவே எழுதாதீர்கள். அப்பா "சும்மா போட்டு வை" என்பார். சும்மா போட்டதுதான் கிடைக்கும்.

கல்லூரியைப் பெயரை வைத்துத் தேடாதீர்கள். ஒரே நிர்வாகத்துக்கு இரண்டு மூன்று கல்லூரி இருக்கும், பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம். ஒவ்வொன்றுக்கும் குறியீட்டு எண் உண்டு. கிண்டி பொறியியல் கல்லூரிக்கு 1, குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்கு 4, பி.எஸ்.ஜி. டெக்குக்கு 2006, மதுரை தியாகராசருக்கு 5008. நோட்டில் எண்ணையும் பிரிவின் பெயரையும் சேர்த்து எழுதிக்கொண்டு வாருங்கள். அரசு உதவி பெறும் கல்லூரிகளில் சில பிரிவுகளுக்குப் பக்கத்தில் எஸ்.எஸ். என்று இருக்கும், அது சுயநிதிப் பிரிவு, கட்டணம் கூடுதல். அதே கல்லூரி, அதே பாடம், இரண்டு வரி. தமிழ்வழி சிவில், மெக்கானிக்கலும் தனி வரியாக வரும்; வேண்டுமென்று எழுதினால் நல்லது, தெரியாமல் எழுதினால் சிரமம்.

கல்லூரியை எடைபோட அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு பருவத் தேர்வுக்கும் வெளியிடும் தேர்ச்சி விகிதத்தைப் பாருங்கள். நூற்றுக்கு இருபது பேர்தான் தேறுகிறார்கள் என்றால் வாசலில் எவ்வளவு பெரிய பேனர் இருந்தாலும் யோசிக்க வேண்டும். தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே வினாத்தாள் போடுவதால் அவற்றின் விகிதத்தை மற்றவற்றோடு நேராக ஒப்பிட முடியாது. பிளேஸ்மெண்ட் விளம்பரத்தில் இருக்கும் பெரிய சம்பளம் ஒரு ஆளுக்குக் கிடைத்ததாக இருக்கும். அந்தக் கல்லூரியில் இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கும் பக்கத்துத் தெருப் பிள்ளையிடம் கேட்டால் பத்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

கம்ப்யூட்டர் சயின்ஸா, கல்லூரியா என்று கேட்பார்கள். என்னைக் கேட்டால், நல்ல அரசுக் கல்லூரியில் எலக்ட்ரிக்கல், புதிதாக ஆரம்பித்த இடத்தில் ஏ.ஐ. பிரிவைவிட மேல். இது என் கருத்து மட்டும்தான். பிள்ளைக்கு மோட்டாரும் மின்சாரமும் பிடிக்காது என்றால் இந்தப் பேச்சை விட்டுவிடுங்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும்

பட்டியல் பூட்டிய பிறகு தற்காலிக ஒதுக்கீடு வரும். உறுதி செய்ய இரண்டு நாள்தான். இந்த இரண்டு நாளில் எதையும் அழுத்தாமல் விட்டால் சீட் போய்விடும். "வந்துருச்சே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று ஊர்த் திருவிழாவுக்குப் போனவர்களும் உண்டு.

கிடைத்தது முழுத் திருப்தி என்றால் ஏற்றுக்கொண்டு சேர்கிறேன் என்பதை அழுத்துங்கள். பிறகு ஒதுக்கீட்டு ஆணையோடு கல்லூரிக்கே போய், குறித்த நாளுக்குள் கட்டணம் கட்டிச் சேர வேண்டும். போகாவிட்டால் சீட் ரத்து.

கிடைத்தது பரவாயில்லை, மேலே எழுதியது கிடைத்தால் இன்னும் நல்லது என்றால் ஏற்றுக்கொண்டு மேல்நோக்கிக் காத்திருக்கிறேன் என்பது. இதை "அக்செப்ட் அண்ட் அப்வர்ட்" என்பார்கள். இதற்குக் கல்லூரிக்குப் போக வேண்டாம். சேவை மையத்தில் பணம் கட்ட வேண்டும். பணம் கட்டாமல் வெறுமனே பொத்தானை அழுத்திவிட்டு உட்கார்ந்திருந்தால் கையில் இருந்ததும் போகும். மேலே இடம் காலியானால் மாற்றிவிடுவார்கள். மாறிய பிறகு பழைய இடம் உங்களுக்கு இல்லை. அதனால்தான் உங்கள் பட்டியலின் மேல்வரிகள் நிஜமாகவே கீழ்வரியைவிடப் பிடித்தவையாக இருக்க வேண்டும். மேலே ஒன்றும் காலியாகவில்லை என்றால் பழைய இடம் அப்படியே இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான்.

கிடைத்ததை விட்டுவிட்டு மேலே மட்டும் காத்திருப்பது, இந்தச் சுற்றை விட்டு அடுத்த சுற்றுக்குப் போவது, மொத்தமாக விலகுவது என்று இன்னும் மூன்று உண்டு. மருத்துவமோ என்.ஐ.டி.யோ ஏறக்குறைய உறுதி என்கிறவர்களுக்கு அவை சரி. மற்றவர்கள் கையில் இருப்பதைக் கீழே வைக்காமல் இருப்பதே நல்லது. அடுத்த சுற்றில் உங்களுக்குப் புதிதாக ஒன்றும் பிறக்காது, மிச்சம்தான் இருக்கும்.

எதுவுமே ஒதுக்கீடாகவில்லை என்றால் பயப்படாதீர்கள். அடுத்த சுற்றில் மறுபடி பட்டியல் போடலாம். இந்த முறை காலியிடப் பட்டியலைப் பார்த்து நீளமாக எழுதுங்கள். கடைசியில் துணைக் கலந்தாய்வு ஒன்று உண்டு. துணைத் தேர்வில் தேறியவர்களும் பதிவே செய்யாமல் விட்டவர்களும் அதில் வரலாம்.

பணம்

2017-ல் கட்டண நிர்ணயக் குழு, அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குத் தர அங்கீகாரம் பெற்ற சுயநிதிக் கல்லூரிப் பிரிவுகளில் ஆண்டுக்கு 55,000, மற்றவற்றில் 50,000 ரூபாய் என்று வைத்தது. நீங்கள் சேரும் ஆண்டுக்கான தொகையை இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தொகையோடு பேருந்து, புத்தகம், சீருடை, பயிற்சிக் கட்டணம் என்று கல்லூரி தனியாக ஒரு தாள் நீட்டும். சேரப் போவதற்கு முன்னாலேயே போன் செய்து அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். வாங்குகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கேளுங்கள். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்குப் பெற்றோர் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. வருமானச் சான்றிதழைப் புதிதாக வாங்கி வையுங்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000 ரூபாய். கல்லூரியில் சேர்ந்த பிறகு அங்கேயே விண்ணப்பிக்கலாம்.

சேர்ந்த பிறகு வேறு இடம் கிடைத்து விலக வேண்டியிருந்தால், வகுப்பு தொடங்குவதற்குள் எழுதிக் கொடுங்கள். அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும், அசல் சான்றிதழை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது இன்ஜினியரிங் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ.யின் விதி. கவுண்டரில் மறுத்தால் விதியைச் சொல்லி எழுத்தில் பதில் கேளுங்கள். அசலைக் கொடுப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுச் சான்றிதழ் மட்டும் மூன்று.